நீலகிரி விடுமுறையில் காட்டுப் பறவைகளைப் படம் எடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

குடும்பத்தோடு இரண்டு மூன்று நாள் ஊட்டிக்கோ குன்னூருக்கோ கோத்தகிரிக்கோ போகிறீர்கள். பையில் ஒரு கேமரா, கொஞ்சம் நீளமான லென்ஸ். காட்டுப் பறவைகளை நல்லபடியாகப் படம் எடுத்துவர வேண்டும் என்று ஆசை. தாராளமாக முடியும். லட்ச ரூபாய் லென்ஸோ தனிப் பறவைச் சுற்றுலாவோ தேவையில்லை. தேவைப்படுவது ஒரு பழக்கம்: பறவையின் பின்னால் ஓடாமல், நன்றாகத் தேர்ந்தெடுத்த ஒரே இடத்துக்குத் தினமும் காலையில் போய் நிற்பது. கீழே சொல்லப்போகும் எல்லாமே இதைச் சுற்றித்தான் வருகிறது.

எந்த மாதம், என்ன கிடைக்கும்

தேதியைப் பெரும்பாலும் பள்ளி விடுமுறைதான் முடிவு செய்யும். எந்த மாதத்தில் எது கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது.

டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை எனக்கு மிகவும் பிடித்த காலம். காலை வெளிச்சம் தெளிவாக இருக்கும். ஊட்டியின் பள்ளமான புல்வெளிகளில் உறைபனி படியும் நாட்களும் உண்டு. வலசை வந்த பறவைகளும் அப்போது இருக்கும். ஓடைக் கரையில் வாலை ஆட்டிக்கொண்டு ஓடும் சாம்பல் வாலாட்டியைப் பார்க்காமல் வரவே முடியாது. வடக்கே இமயமலைப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தை மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரங்களிலும் இலங்கை மலைகளிலும் கழிக்கும் காஷ்மீர் ஈப்பிடிப்பான் அதிர்ஷ்டம் இருந்தால் கண்ணில் படும்.

ஏப்ரல், மே மாதங்களில் மலையின் சொந்தப் பறவைகள் கூடு கட்டும். ஆண் பறவைகள் வெளிப்படையாக உட்கார்ந்து பாடும் என்பதால் படத்துக்கு வசதியான காலம்தான். ஆனால் அவற்றின் கூடுகளுக்கு நாம் மிக எளிதில் இடைஞ்சல் செய்துவிடக்கூடிய காலமும் இதுவே. பிற்பகலில் பெரும்பாலும் மழை மேகம் திரளும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சி பக்கத்தைக் கொட்டி நனைக்கும். அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரி பக்கம் மழை அதிகம்.

சொந்த வண்டியில் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க மறக்காதீர்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதம் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இந்த முறை வந்தது. கிளம்பும் முன் அப்போதைய விதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கும் இடம்தான் பாதி வேலை

பறவைகள் சுறுசுறுப்பாக இரை தேடும் நேரம் விடிந்ததிலிருந்து சுமார் இரண்டரை மணி நேரம். தங்கும் இடத்திலிருந்து காட்டுக்கு ஒரு மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும் என்றால் அந்த நேரத்தில் பாதி சாலையிலேயே போய்விடும். அதனால் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பளபளப்பான ஓட்டலைவிட, ஊரின் ஓரத்தில், பின்பக்கம் சோலைக்காடோ தேயிலைத் தோட்டமோ இருக்கும் சின்ன விடுதி எவ்வளவோ மேல். போனில் அறை கேட்கும்போதே, “பின்னால என்ன இருக்குங்க, மரம் இருக்கா, ஓடை இருக்கா?” என்று கேட்டுவிடுங்கள்.

விடுதி சரிவில் இருந்தால் இன்னும் நல்லது. சமவெளியில் மரத்தில் இருக்கும் பறவையைக் கீழிருந்துதான் எடுப்போம். வயிறும் வெள்ளை வானமும்தான் படத்தில் வரும். மலைச்சரிவில் நிலைமை மாறுகிறது. பள்ளத்தில் வளர்ந்த சில்வர் ஓக் மரத்தின் உச்சி, மேலே சாலையில் நிற்கும் உங்கள் கண்மட்டத்துக்கு வந்துவிடும். பறவைக்குப் பின்னால் எதிர்மலையின் பச்சை, வெகு தூரத்தில் கலங்கித் தெரியும். சாதாரண லென்ஸிலேயே பின்னணி மென்மையாகிவிடும். இந்த ஒரு வசதிக்காகவே மலையில் படம் எடுக்கலாம். பால்கனி, மொட்டைமாடி, சாலையின் தடுப்புச்சுவர் என்று மர உச்சி கண்மட்டத்தில் தெரியும் இடங்களை வந்த அன்றே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். குன்னூர் சுமார் 1,850. நீலகிரி சிரிப்பான், கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான் போன்ற உயர்மலைப் பறவைகள்தான் வேண்டும் என்றால் ஊட்டிப் பக்கம் தங்குங்கள்; தொட்டபெட்டா சாலையோரச் சோலைகளும் கெய்ர்ன் ஹில் காடும் அருகில். கூட்டம் பிடிக்காதவர்களுக்குக் கோத்தகிரி. அங்கே ஊரை ஒட்டியே 116 ஹெக்டேர் லாங்வுட் சோலை இருக்கிறது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் 2024-ல் சேர்ந்த காடு அது. உள்ளே போக வனத்துறை அனுமதி வேண்டும். முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எதை எடுத்துப் போவது

லென்ஸைப் பற்றி ஒரு கணக்கு சொல்கிறேன். வெள்ளைக்கண்ணி என்ற சின்னப் பறவை சுமார் 10 சென்டிமீட்டர்தான். கிராப் சென்சார் (முழு ஃபிரேமைவிடச் சிறிய சென்சார்) கேமராவில் 400 மி.மீ. லென்ஸ் போட்டு 6 மீட்டரிலிருந்து எடுத்தால், படத்தின் அகலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அது நிரப்பும். 12 மீட்டர் என்றால் ஆறில் ஒரு பங்கு. கையில் 200 மி.மீ. மட்டும் இருந்தால், 6 மீட்டரிலேயே ஆறில் ஒரு பங்குதான். தூரத்தைப் பாதியாக்குவதும் லென்ஸை இரட்டிப்பாக்குவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அசையாமல் நின்றால் பறவையே 6 மீட்டருக்குள் வரும். அதனால் 70-300, 100-400 வகை லென்ஸ்களே விடுமுறைக்குப் போதும். லென்ஸ் மாற்ற முடியாத சூப்பர்சூம் கேமராவும் நல்ல வெளிச்சத்தில் அருமையாக வேலை செய்யும். சோலையின் இருட்டில் மட்டும் திணறும்.

செல்போன் மட்டும்தான் இருக்கிறதா? சின்னப் பறவையை அதில் நேராக எடுக்க முயன்று மனம் நோக வேண்டாம். 8x42 பைனாகுலர் ஒன்று வாங்குங்கள். அதன் கண்ணாடிக்குப் பின்னால் போனை வைத்து அடையாளம் காணும் அளவுக்குப் படம் எடுக்கலாம். கேமரா வைத்திருப்பவர்களுக்கும் பைனாகுலர் வேண்டும். பறவையை முதலில் கண்டுபிடிப்பது அதுதான்.

மூன்றுகால் ஸ்டாண்டை வீட்டில் வைத்துவிடலாம். ஒற்றைக்கால் மோனோபாட் போதும். இல்லாவிட்டால் சின்னத் துணிப்பையில் அரிசியோ பயறோ போட்டுத் தைத்து எடுத்துவாருங்கள். தடுப்புச்சுவர் மேலும் கார் ஜன்னல் மேலும் வைத்து அதில் லென்ஸைச் சாய்த்தால் கை நடுக்கம் நின்றுவிடும். மழைக்கு நல்ல துணி உறை வாங்கிக்கொள்ளுங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருக்கிறது.

உதிரி பேட்டரியைச் சட்டையின் உள்பையில் வையுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். உடை பச்சை, பழுப்பு, சாம்பல் என்று மங்கலாக இருக்கட்டும். புதுத் துணி பளிச்சென்ற வெள்ளையாகவோ சிவப்பாகவோ இருந்தால் அதை மாலை நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேமராவை முன்கூட்டியே அமைப்பது

காட்டில் நின்று மெனுவைத் தேடக்கூடாது. முந்தின இரவு அறையிலேயே இதையெல்லாம் முடித்துவிடுங்கள்.

மேனுவல் மோடு, ஆட்டோ ஐ.எஸ்.ஓ. (அதாவது ஒளி உணர்திறனைக் கேமராவே கூட்டிக் குறைத்துக்கொள்ளும்). பறவைக்கு இதைவிட வசதியான ஏற்பாடு எனக்குத் தெரியாது. அபெர்ச்சரை, அதாவது லென்ஸ் துளையின் அளவை, லென்ஸ் அனுமதிக்கும் மிகத் திறந்த அளவில், அதாவது 5.6 அல்லது 6.3-ல் விட்டுவிடுங்கள். ஷட்டர் வேகத்தை மட்டும் நீங்கள் மாற்றுங்கள். கிளையில் தத்தும் சின்னப் பறவைக்கு 1/1000 நொடி. பறக்கும் பறவைக்கு 1/2000. சோலைக்குள் அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஈப்பிடிப்பானுக்கு, லென்ஸில் அதிர்வு தடுப்பு இருந்தால், 1/200 வரை இறங்கலாம். தொடர்ச்சியாக ஐந்தாறு படம் எடுங்கள், ஒன்றாவது கூர்மையாக வரும். ஐ.எஸ்.ஓ. 3200, 6400 என்று ஏறினால் பயப்படாதீர்கள். அதனால் படத்தில் வரும் புள்ளிகளை அப்புறம் கம்ப்யூட்டரில் குறைக்கலாம், அசைந்த படத்தைச் சரிசெய்யவே முடியாது.

ஃபோகஸ் தொடர் முறையில் இருக்கட்டும். பறவைக் கண்ணைக் கண்டுபிடிக்கும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். ஆனால் கிளைகள் நெருங்கிய இடத்தில் அது ஏமாறும். அப்போது ஒற்றைப் புள்ளிக்கு மாற்ற ஒரு பட்டனை ஒதுக்கி வையுங்கள். பறவையின் கண் கூர்மையாக இருந்தால் படம் நிற்கும். சிறகு எவ்வளவு அழகாக இருந்தாலும் கண் மங்கினால் படம் போயிற்று. கோப்பு வகையை ரா-வில் (கேமரா மெருகேற்றாமல் சேமிக்கும் மூலக் கோப்பு) வையுங்கள், ஷட்டர் சத்தத்தை நிறுத்துங்கள்.

முதல் மாலை: இடம் பார்ப்பது

வந்து சேர்ந்த அன்று மாலை கேமராவே வேண்டாம். பைனாகுலரோடு விடுதியைச் சுற்றி அரை மணி நேரம் நடங்கள். நான்கு விஷயங்களைத் தேடுங்கள்: பூத்த மரம், பழுத்த மரம், தண்ணீர், தனியாக நீட்டிக்கொண்டிருக்கும் கிளை அல்லது வேலிக்கம்பு.

கல்யாண முருங்கையும் பாட்டில்பிரஷ் மரமும் பூத்திருந்தால் தேன்சிட்டும் வெள்ளைக்கண்ணியும் கட்டாயம் வரும். உயரமான இடங்களில் காட்டுப்பூவரசு (ரோடோடென்ட்ரான்) சிவப்பாகப் பூத்திருக்கும்போது அதுவும் அப்படித்தான். உண்ணிச்செடியின் கறுத்த பழத்துக்குச் சின்னான்கள் வரும். வேலிக்கம்பின் கீழே எச்சம் படிந்திருந்தால் ஏதோ ஒரு பறவை அதைத் தினமும் பயன்படுத்துகிறது என்று பொருள்.

தோட்டத்தில் வேலை செய்பவர்களிடம் பேசுங்கள். “அக்கா, காலையில இந்தப் பக்கம் என்ன பறவை வரும்? காட்டுமாடு நடமாட்டம் இருக்கா?” என்று கேளுங்கள். இரண்டாவது கேள்வி முதல் கேள்வியைவிட முக்கியம். நீலகிரியில் தேயிலைத் தோட்டத்திலும் சாலையிலும் காட்டுமாடுகள் சாதாரணமாக மேயும். பெரிய ஆண் ஆயிரம் கிலோ வரை இருக்கும். குன்னூர், கோத்தகிரி பக்கம் கரடியும் உண்டு. வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தவருக்குச் சுற்றி நடப்பது தெரியாது. ஆகவே தனியாகப் போகாதீர்கள், முழுதாக விடியும் முன் தேயிலை வரிசைகளுக்குள் இறங்காதீர்கள், தோட்டத்தில் வேலை செய்பவர்கள் வேண்டாம் என்று சொன்ன பக்கம் போகவே போகாதீர்கள். வனத்துறையின் காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றமும்கூட.

சூரியன் எந்த மலைக்குப் பின்னாலிருந்து வரும் என்று பார்த்து, காலையில் வெயில் உங்கள் முதுகுப் பக்கம் விழும்படி ஒரு இடத்தை முடிவு செய்யுங்கள்.

காலை: நிற்பது

வெளிச்சம் வந்ததும் அந்த இடத்தில் நின்றுவிடுங்கள். மரத்தையோ சுவரையோ ஒட்டி நில்லுங்கள், உங்கள் உருவம் தனியாகத் தெரியக்கூடாது. முதல் கால் மணி நேரம் ஒன்றும் நடக்காது. நீங்கள் வந்ததும் பறவைகள் எச்சரிக்கையாகிவிட்டன, அவ்வளவுதான். பின்பு ஒவ்வொன்றாகத் தங்கள் வேலைக்குத் திரும்பும். பெரும்பாலானவர்கள் இந்தக் கால் மணி நேரத்துக்குள் பொறுமையிழந்து இடம் மாறிவிடுகிறார்கள், புது இடத்திலும் அதே கால் மணி நேரம் முதலிலிருந்து தொடங்குகிறது.

சோலை ஓரத்தில் நிற்கும்போது திடீரென்று சுற்றிலும் கீச்சுச் சத்தம் பெருகினால் தயாராகுங்கள். கலப்புக் கூட்டம் வருகிறது. வெள்ளைக்கண்ணி, பட்டாணிக்குருவி, மின்சிட்டு, சாம்பல்தலை ஈப்பிடிப்பான், மரத்தில் தலைகீழாக இறங்கும் பசையெடுப்பான் என்று பல இனங்கள் சேர்ந்து இரை தேடிக்கொண்டே நகரும். ஐந்து நிமிடத்தில் கடந்துபோய்விடும். இங்கேதான் ஓடத் தோன்றும். ஓடாதீர்கள். கூட்டம் எந்தத் திசையில் நகர்கிறது என்று பார்த்து, ஒரு வெளிச்சமான கிளையில் ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். எல்லாவற்றையும் எடுக்க நினைக்காமல் ஒரு இனத்தை மட்டும் பின்தொடருங்கள்.

வேலிக்கம்பில் உட்கார்ந்திருக்கும் பறவையை நெருங்க வேண்டுமா? நேராக நடக்காதீர்கள். பக்கவாட்டில், அதை முறைத்துப் பார்க்காமல், நாலு அடி வைத்து நின்று, படம் எடுத்து, மறுபடி நாலு அடி. அது உடலை நிமிர்த்தினாலோ, எச்சமிட்டாலோ, சிறகை உதறினாலோ நின்றுவிடுங்கள், பறக்கப்போகிறது. காருக்குள் இருந்தால் இறங்கவே வேண்டாம். நடக்கும் மனிதருக்குப் பயப்படும் பறவை, நிற்கும் வண்டியைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. வளைவில் மட்டும் வண்டியை நிறுத்தாதீர்கள்.

ஒன்பது மணிக்குக் கேமராவை மூடிவிட்டுக் குடும்பத்தோடு காலை டிபனுக்குப் போகலாம். மீதி நாள் அவர்களுடையது. மாலை நாலு மணிக்கு மேல் இன்னொரு முறை நிற்கலாம், மூடுபனி இறங்காமல் இருந்தால்.

நான்கு பறவைகள், நான்கு விதமான சிரமம்

கருப்பு வெள்ளைப் புதர்ச்சிட்டு முதல் நாள் பயிற்சிக்கு ஏற்றது. ஆண் கறுப்பு, சிறகில் வெள்ளைத் திட்டு, பெண் பழுப்பு. தேயிலைச் செடி உச்சியில் உட்கார்ந்து, தரையில் பூச்சியைப் பிடித்துவிட்டு மறுபடி அதே இடத்துக்கு வரும். கறுப்பு இறகில் விவரம் வர வேண்டுமானால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, கொஞ்சம் கூட்டுங்கள், ஆனால் வெள்ளைத் திட்டு வெளுத்துப்போகாத அளவுக்கு.

கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான் சோலையின் அடிப்புதரில், முழங்கால் உயரத்தில் இருக்கும். மனிதரைக் கண்டு அவ்வளவாக மிரளாது. பிரச்சினை இருட்டு. சுற்றிலும் கருமை இருப்பதால் கேமரா படத்தை வெளிறச் செய்யும், ஆரஞ்சு நிறம் வெளுத்துப்போய்விடும். எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் குறையுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது). குந்தி உட்கார்ந்து அதன் மட்டத்துக்கு வாருங்கள்.

நீலகிரி ஈப்பிடிப்பான் நிழலில் வெறும் கறுப்பாகத் தெரியும். முன்பக்கமிருந்து மென்மையான வெளிச்சம் விழுந்தால்தான் அந்த ஆழ்ந்த நீலம் திறக்கும். லேசான மேகமூட்டம் இதற்குச் சிறந்த நேரம். ஓடையோரம் விடியற்காலையில் மனிதர் சீட்டியடிப்பது போலப் பாடும் சீகாரப் பூங்குருவிக்கும் இதே யோசனைதான்.

நீலகிரி சிரிப்பான் சத்தமாகக் கூவிக்கொண்டு கூட்டமாக வரும், புதருக்குள்ளேயே ஒளிந்திருக்கும். புதரில் ஒரு இடைவெளியைத் தேர்ந்து காத்திருங்கள். கூட்டத்தில் ஒன்று வந்தால் அடுத்ததும் அநேகமாக அதே வழியில் வரும். இந்த இனம் பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, இந்த மலைப்பகுதியில்தான் இருக்கிறது. கணவாய்க்குத் தெற்கே கொடைக்கானலில் நீங்கள் பார்ப்பது அதன் உறவான பழனி சிரிப்பான். இரண்டு மலையிலும் எடுத்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும்.

மூடுபனி வந்தால்

பையை மூடிவிட்டு ஓட வேண்டாம். பனி மெலிதாக இருந்தால், பத்து மீட்டருக்குள் இருக்கும் பறவை தெளிவாகவும் பின்னணி வெறும் வெண்மையாகவும் வரும். வெண்மையைப் பார்த்துக் கேமரா படத்தை இருட்டாக்கும் என்பதால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். ஃபோகஸ் பிடிக்காமல் முன்னும் பின்னும் அலையும்; பறவையின் உருவ விளிம்பில் ஒற்றைப் புள்ளியை வையுங்கள். தூரத்துப் பறவையை மறந்துவிடுங்கள். மொட்டைக் கிளையில் உட்கார்ந்த நீலகிரி காட்டுப்புறா, சுற்றிலும் வெண்மை என்று எடுத்த படத்தை வெயிலில் எடுத்த பத்துப் படங்களுக்கு மாற்றாக நான் கொடுக்கமாட்டேன்.

அறைக்குள் நுழைந்ததும் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் அறையின் சூடான ஈரக்காற்று நீராகப் படியும், உள்ளே பூஞ்சை வரவும் வழி செய்யும். பையோடு அரை மணி நேரம் விட்டுவைத்து, அப்புறம் திறந்துகொள்ளுங்கள். பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டுவையுங்கள்.

செய்யவே கூடாதவை

போனில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அதை வரவழைக்காதீர்கள். தன் எல்லைக்குள் வேறொரு ஆண் வந்துவிட்டது என்று நினைத்து அது பதறி வருகிறது. இரை தேட வேண்டிய, குஞ்சுக்கு ஊட்ட வேண்டிய நேரமெல்லாம், இல்லாத எதிரியைத் தேடுவதில் போகிறது. காலையில் பத்துப் பேர் வரிசையாக இதைச் செய்யும் சுற்றுலாத் தலத்தில் அந்தப் பறவையின் நிலையை நினைத்துப்பாருங்கள். மெர்லின் போன்ற செயலியில் குரல் கேட்டு அடையாளம் காணுங்கள். மாதிரிக் குரலைக் கேட்க வேண்டுமானால் இயர்போனில் கேளுங்கள்.

கூட்டைப் படம் எடுக்காதீர்கள். இலையை விலக்குவது, கிளையை ஒடிப்பது இரண்டும் கூட்டை வெயிலுக்கும் காக்கைக்கும் காட்டிக்கொடுக்கும். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாக்கப்பட்ட பறவைகளின் முட்டைகளையோ கூட்டையோ தொந்தரவு செய்வதை வேட்டை என்றே கணக்கில் எடுக்கிறது. கோடை விடுமுறையில் இது மிகவும் பொருந்தும். அலகில் பூச்சியை வைத்துக்கொண்டு ஒரு பறவை விழுங்காமல் கிளைக்குக் கிளை தாவிக் கத்துகிறதா? பக்கத்தில் குஞ்சு இருக்கிறது, நீங்கள் வழியை மறைக்கிறீர்கள். உடனே பின்வாங்குங்கள். கேமராவை உயர்த்தவும் வேண்டாம்.

ஃபிளாஷ் வேண்டாம், ட்ரோன் வேண்டாம், பிஸ்கட்டும் முறுக்கும் போட்டு வரவழைக்க வேண்டாம்.

ஊர் திரும்பிய பின்

முதலில் படங்களை இரண்டு இடத்தில் பிரதி எடுங்கள். அப்புறம் கண் கூர்மையாக இல்லாதவை எல்லாவற்றையும் தயங்காமல் நீக்குங்கள். ஆயிரம் படத்தில் இருபது மிஞ்சினால் நல்ல விளைச்சல். வெட்டும்போது பறவை பார்க்கும் திசையில் கூடுதல் இடம் விடுங்கள். ஐ.எஸ்.ஓ. புள்ளிகளைப் பின்னணியில் நன்றாகக் குறையுங்கள், இறகின் மேல் கொஞ்சமாக. நிறத்தை ஏற்றாதீர்கள். இந்த மலைப் பறவைகளுக்கு இருக்கும் நிறமே போதும்.

தேதி, இடம், இனப்பெயர் சேர்த்து, பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்ட் (eBird) தளத்தில் பதிவேற்றுங்கள். பெயர் தெரியாவிட்டால் அனுபவமுள்ளவர்களிடம் படத்தைக் காட்டிக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.  பொங்கல் விடுமுறையில் மலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது: அந்த நாட்களில் தமிழ்நாடு முழுவதும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். ஒரே இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த, கேட்ட எல்லாப் பறவைகளையும் எண்ணிக்கையோடு இ-பேர்டில் போட்டால் போதும். நீங்கள் காலையில் நிற்கும் அதே இடத்தில், கேமராவைத் தூக்குவதற்கு முன் அதைச் செய்துவிடலாம்.